சாம்பலில் தடம் இல்லை

அன்று காலை கோழிக் கொட்டகை முன்னால் இருந்தவர்கள்:

நான்.

என் வீட்டுக்காரர். முட்டிவலி. ஒரு கை சுவரில்.

வேலிக்கு அந்தப் பக்கம் மேரி அக்கா. என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. பேசாவிட்டாலும் வந்து நின்றார்.

மேரி அக்காவின் நாய், டைகர். சங்கிலியில்.

கொட்டகைக்குள்ளே சேவல் ஒன்று. புள்ளி என்ற பெட்டை ஒன்று. கருப்பி என்ற பெட்டை ஒன்று, மூலையில், டயர் மேலே அடையில்.

அப்புறம் என் மகளுக்காக வளர்த்த கோழிகள். எட்டு.

முந்தின நாள் சாயங்காலம் நான் கதவைப் பூட்டும்போது அவை ஒன்பது.

பூட்டு பூட்டினபடி இருந்தது. கொட்டகையைச் சுற்றி நான் தூவின சாம்பல் தூவினபடி இருந்தது. அதில் ஒரு காலடி இல்லை. உள்ளே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பிய்ந்த இறகு ஒன்றுகூட இல்லை.

போன வாரம் எங்கள் ரப்பர்த் தோட்டம் மூடின கதையை எழுதினேன். அதற்குப் பிறகு ஈப்போவுக்கு வெளியே, தஞ்சோங் ரம்புத்தான் போகிற பக்கம், இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். தாமானும் ஒரு பழைய தோட்டத்தை வெட்டிக் கட்டினதுதான். பின்பக்கம் இன்னும் ரெண்டு வரிசை பால்மரம் நிற்கிறது. யாரும் வெட்டுவதில்லை. அதற்குப் பின்னால் காடு, சுண்ணாம்பு மலை.

கோழி வளர்த்தால் காட்டிலிருந்து விருந்தாளி வரத்தான் செய்யும். இது அந்தக் கதை.

பன்னிரண்டு கோழி

என் மகள் கலா கமுந்திங்கில் இருக்கிறாள். தொழிற்சாலை வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. எட்டாவது வருஷம் உண்டானாள்.

அவள் ஃபோனில் சொன்னபோது நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். சட்டியைக் கழுவி முடித்தேன். அப்புறம் போய் முட்டைகளை எடுத்து அடை வைத்தேன்.

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் நாட்டுக்கோழி கொடுக்க வேண்டும். நல்லெண்ணெய், இஞ்சி, மிளகு, பூண்டு. பனிக்கட்டிப் பெட்டியில் கிடக்கிற கடைக்கோழி உதவாது. நாற்பது நாளைக்குப் பன்னிரண்டு கோழி என்று கணக்குப் போட்டேன். கலா வேண்டாம் என்றாள். கடைக்கோழி போதும்லா அம்மா என்றாள். போதாது என்றேன்.

எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்றால், கலா பிறந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு கோழி.

அப்போது நாங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் இருந்தோம். நானும் மூன்று கோழி வளர்த்து வைத்திருந்தேன். பிள்ளை பிறந்த வாரம் முசாங் என்கிற மரநாய் வந்து இரண்டைக் கொண்டுபோனது. மீதி ஒன்று. அந்த ஒன்றை ஐந்து நாள் சாப்பிட்டேன். கடைசி நாள் எலும்புத் தண்ணீர். அப்புறம் கருவாடு. நாற்பத்தோராம் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போனேன். மூன்றாவது வரிசையில் கண் இருட்டியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டு போனதும் அடுத்த மரத்துக்குப் போனேன்.

அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கலாவுக்குப் பன்னிரண்டு என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பன்னிரண்டு அவளுக்கு. சேவலும் புள்ளியும் கருப்பியும் எனக்கு. மொத்தம் பதினைந்து.

கங்காணி

தினமும் சாயங்காலம் கோழிகள் கம்பில் ஏறினதும் எண்ணுவேன். பூட்டுவேன். காலையில் திறந்ததும் மறுபடி எண்ணுவேன்.

இது தோட்டத்துப் பழக்கம். விடியுமுன் எங்கள் எல்லாரையும் களத்தில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு எண்ணுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். கங்காணி கூப்பிட, நாங்கள் இருக்கேன் என்போம். முப்பது வருஷம் என்னை எண்ணினார்கள். இப்போது நான் கோழியை எண்ணுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இது ஒரு வேடிக்கை. அவர் லாரி ஓட்டினவர், பெரட்டில் நின்றதில்லை. சாயங்காலம் ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கங்காணி, பெரட்டு எத்தனை?" என்பார்.

கலாவுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது ஒரு நாள் காலை பதினான்கு என்றேன்.

அவர் சிரித்தார். சரியா எண்ணு என்றார். மறுபடி எண்ணினேன். பதினான்கு.

எது எப்படித் தின்னும்

ஊரில் நரி கோழி பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே நரி கிடையாது. வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முசாங் வந்தால் தெரியும். பூனை மாதிரி வரும், கழுத்தைக் கடிக்கும். இறகு பறந்து கிடக்கும். வாடை இருக்கும்.

உடும்பு பகலில் வரும். சாக்கடை வழியாக. முட்டையும் குஞ்சும்தான் அதற்கு வேண்டும். நாக்கை நீட்டி நீட்டி, வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி நடந்து வரும்.

நாய் வந்தால் ஒன்றோடு நிற்காது. ஐந்தைக் கடித்துப் போடும், ஒன்றையும் தின்னாது.

பருந்து குஞ்சோடு சரி. காக்காயும் அப்படித்தான்.

மலைப்பாம்பு ஒன்றும் மிச்சம் வைக்காது. ஆனால் அது வந்தால் மண்ணில் பட்டையாக இழுத்த தடம் இருக்கும். லயத்தில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். யாரோ மூட்டையை இழுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

முதல் கோழி போனபோது எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாவது போனது. அப்போதும் எதுவும் இல்லை.

பயத்தைவிட எனக்கு யோசனைதான் அதிகம் இருந்தது. எது இவ்வளவு சுத்தமாகச் சாப்பிடுகிறது என்று தெரிய வேண்டும்.

வீட்டுக்காரர் முட்டிவலியோடு ஏணியில் ஏறி, கூரைக்கு மேலே வந்த ரம்புத்தான் கிளையை வெட்டினார். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே நாலு விரல் சந்து இருந்தது. அதைச் சிமெண்ட் வைத்துப் பூசினோம். கம்பி வலையில் ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டு விட்டுப் பார்த்தேன். இருந்ததை எல்லாம் கட்டினேன். பிறகு விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, கொட்டகையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவினேன். கூரை ஓரம் இறங்கி நிற்பதால் மழையில் நனையாது.

எறும்பு போனாலும் தெரியும் என்று வீட்டுக்காரர் சொன்னார். எறும்பு போனது தெரிந்தது.

டைகர்

இனி என் தப்பை எழுதுகிறேன்.

மேரி அக்கா வீட்டு நாய் தினமும் எங்கள் வேலிக்கு வந்து குரைக்கும். ஒரே இடம்தான். கொட்டகையின் பின்மூலைக்கு நேராக நின்று, தலையைத் தாழ்த்திக் குரைக்கும். முன்னே அப்படிக் குரைத்ததில்லை. முதல் கோழி போன வாரத்தில்தான் ஆரம்பித்தது.

நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். தப்பாகச் சேர்த்தேன்.

நாய் இப்படிக் கோழியைக் கொண்டுபோகாது என்று எனக்கே தெரியும். மேலே எழுதியிருக்கிறேன். ஆனாலும் குறைகிற கோழி கலாவுடையது. கண்ணுக்குத் தெரிகிற வாய் அந்த நாயுடைய வாய் ஒன்றுதான்.

மேரி அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். சேலை மாற்றவில்லை. நாயைக் கட்டிப் போடுங்கள் என்றேன். என் நாய் உன் கோழியைத் தின்றதை நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை, ஆனால் கட்டுங்கள் என்றேன். அவர் உள்ளே போய்ச் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து, என் கண் முன்னாலேயே கட்டினார்.

பத்து வருஷப் பழக்கம். கீரை பறித்தால் பாதி அங்கே போகும். கேக் சுட்டால் பாதி இங்கே வரும். அன்றோடு நின்றது.

நாயைக் கட்டின பிறகு மூன்றாவது கோழி போனது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் வரவில்லை.

பேர் இல்லாத ஆள்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. சம்பந்தம் இருக்கிறது.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் சித்தப்பா ஒருவர் வந்தார். அப்பாவுக்குத் தம்பி முறை. அங்கே வேலையை மேற்பார்க்கிற தண்டலோடு கைகலப்பு. இருக்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டார்.

எங்கள் லயத்து வீட்டில் ஏழு மாசம் ஒளிந்திருந்தார். பகலில் வெளியே வரமாட்டார். உள்ளே உட்கார்ந்து ஈர்க்கில் சீவித் துடைப்பம் கட்டுவார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் இருந்த துடைப்பத்தை எண்ண முடியாது.

தினமும் பெரட்டு நடந்தது. கங்காணி தினமும் எண்ணினார். எண்ணிக்கை தினமும் சரியாக இருந்தது. ஏனென்றால் சித்தப்பா பேர் அதில் இல்லை. பேர் உள்ளவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். பேர் இல்லாதவர் யாராவது இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது கங்காணியின் மனைவி. எங்கள் கொடியில் துணி காய்ந்தது. வீட்டில் அப்பா ஒருவர்தான் ஆம்பளை. கொடியில் இரண்டு அளவில் சட்டை. அந்த அம்மா சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பேரை விசாரித்து எழுதி, பெரட்டில் சித்தப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் இருக்கேன் என்றார். அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்.

என் கொட்டகையிலும் அந்தக் கூடுதல் சட்டை இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. தரையைக் கூட்டும்போது ரெண்டு தடவை வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று கிடந்தது. சுவர்ப் பூச்சு உதிர்ந்தது என்று எச்சத்தோடு சேர்த்து அள்ளிக் கொட்டினேன். கோழிகள் கம்பில் சமமாக உட்காராமல் கதவுப் பக்கமே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. பின்பக்கம் ஒழுகுகிறது போல என்று நினைத்தேன்.

நாலாவது

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

நாலாவது கோழி போயிருந்தது. கலாவுக்கு இன்னும் மூன்று வாரம். கையில் எட்டு. இப்படியே போனால் அவள் வரும்போது எத்தனை இருக்கும் என்று நிற்கிறேன்.

சாம்பலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். குனிந்து பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். என் முகத்தைப் பார்த்திருப்பார். சிரிக்க வைக்கலாம் என்றுதான் சொன்னார்.

"எதுவும் உள்ள வரல. எதுவும் வெளிய போகல. அப்போ கோழி உள்ளதான் இருக்குலா, கங்காணி."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரித்து முடிக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேரி அக்கா குரல் வந்தது. மூன்று வாரத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"அந்த மூலையப் பாரு லெச்சுமி. இவன் ஒரு மாசமா அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கான்."

டைகர் சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றது. குரைக்கவில்லை. தலை தாழ்ந்திருந்தது. பின்மூலையைப் பார்த்தது.

பின்மூலையில் கருப்பி.

டயர்

முட்டையிடுவதற்கு நான் செய்து வைத்த இடம் அது. வீட்டுக்காரர் லாரி ஓட்டின காலத்துப் பழைய டயர் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. அதன் மேல் ஒரு பலகை, ஓரத்தில் கொஞ்சம் திறந்தபடி. பலகை மேல் ஒரு சின்ன கார் டயர். அதற்குள் சாக்கும் காய்ந்த லாலாங் புல்லும். கோழிகளுக்குப் பிடித்த இடம். தினமும் அங்கேதான் கையை விட்டு முட்டை எடுப்பேன்.

கருப்பி அதில் பன்னிரண்டு முட்டைக்கு மேல் உட்கார்ந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாளில் பொரிக்கும். அந்த நேரத்தில் அடைக்கோழியை யாரும் அசைக்கமாட்டார்கள். நானும் பதினெட்டு நாளாக அந்த மூலையைத் துடைப்பத்தால்கூடத் தொடவில்லை.

முதலில் மற்றதை எல்லாம் வெளியே எடுத்தேன். தீனித் தொட்டி. வாளி. சாக்கு. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கிற மங்கு. பால் வெட்டின காலத்தில் மரத்தில் கட்டியிருந்த அதே மங்குதான். கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டு மூடினேன். ஒன்றின் அடியிலும் ஒன்றும் இல்லை.

பிறகு கருப்பி. பேசினில் துணி விரித்து முட்டைகளை எடுத்து வைத்தேன். பன்னிரண்டும் சூடாக இருந்தன. கருப்பி என் கையை மூன்று இடத்தில் கொத்தியது. அதையும் பேசினில் உட்கார வைத்து, மேலே கைலியைப் போட்டு மூடி, வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

சின்ன டயரை எடுத்தேன். பலகையைத் துடைப்பக் கட்டையால் தள்ளினேன்.

அது டயருக்குள் டயர் மாதிரியே சுற்றிப் படுத்திருந்தது. என் கால் பருமன். ஓரிடத்தில் மட்டும் ரொம்பத் தடித்திருந்தது. தோல் அழகாக இருந்தது. அதை எழுதாமல் இருக்க முடியாது. பழுப்பிலும் மஞ்சளிலும் கட்டம் கட்டமாக, நல்ல நெசவு மாதிரி.

அது என்னைப் பார்த்தது. நகரவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

பலகையைத் திரும்ப இழுத்து, சந்து விடாமல் மூடினேன். மேலே இரண்டு செங்கல்லை வைத்தேன்.

"இருக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

"இருக்கு," என்றேன்.

வந்தவர்கள் சொன்னது

பொம்பா தீயணைப்புப் படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மலாய்க்காரப் பையன்கள். ஒருவன் கழுத்தைப் பிடித்தான், ஒருவன் சாக்கைப் பிடித்தான். ஒன்பது அடி இருக்கும் என்றார்கள். நான் அள்ளிக் கொட்டின வெள்ளைக் கட்டி அதன் எச்சம்தான் என்றார்கள். காட்டில் விட்டுவிடுவோம் மாக்சிக் என்றார்கள்.

எப்படி உள்ளே வந்தது என்று கேட்டேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பையன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். கூரைச் சந்தில் சிமெண்ட் பூசின இடத்தைக் காட்டினான். மெலிந்திருந்தபோது இப்படி வந்திருக்கும், ஒரு கோழியை விழுங்கினதும் வயிறு பெருத்து வெளியே போக முடியாமல் தங்கியிருக்கும் என்றான். பசித்தபோது கோழி பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எப்போது பூசினீர்கள் என்று கேட்டான். இரண்டாவது போன பிறகு என்றேன்.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அப்படியென்றால் மூன்றாவதையும் நாலாவதையும் அதற்கு நாங்களே பரிமாறியிருக்கிறோம். தினமும் சாயங்காலம் எண்ணி, உள்ளே வைத்து, பூட்டு போட்டு.

ஒன்று மட்டும் அவனுக்கும் தெரியவில்லை. கருப்பி பதினெட்டு நாள் அதன் தலைக்கு மேலே, ஒரு பலகை தள்ளி உட்கார்ந்திருந்தது. தள்ளி இருந்த கோழிகளைத் தின்ற பாம்பு கருப்பியை ஏன் தொடவில்லை? கேட்டேன். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான். கருப்பிக்குக் கீழே இருப்பது தெரியுமா, தெரிந்துதான் எழுந்திருக்காமல் இருந்ததா? அதையும் இப்போது வரைக்கும் யோசிக்கிறேன்.

அவர்கள் போனதும் வேலிக்குப் போனேன். மேரி அக்கா அங்கேயே நின்றார்.

"நாய அவுத்து விடுங்கக்கா."

"நீ சொல்லிக் கட்டுனேன். இப்போ நீ சொல்லி அவுக்கணுமா?"

"ஆமா."

"அப்போ நீயே வந்து அவு."

சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சங்கிலி கழுத்தில் பட்ட இடத்தில் முடி தேய்ந்திருந்தது. கொக்கி இறுகியிருந்தது. கழற்ற நேரம் ஆயிற்று. டைகர் என் கையை முகர்ந்து பார்த்தது. கருப்பி கொத்தின இடத்தை நக்கியது. மேரி அக்கா உள்ளே போய்க் காப்பி கலக்கிக்கொண்டு வந்தார். குடித்தேன்.

நாற்பது நாள்

கலாவுக்குப் பெண் குழந்தை. இங்கேதான் வந்து படுத்தாள்.

கையில் எட்டுக் கோழி இருந்தது. மேரி அக்காவின் தம்பி சிலிம் ரிவரில் கோழி வளர்க்கிறார். அக்கா ஒரு சனிக்கிழமை காணாமல் போனார். சாயங்காலம் ஒரு காகிதப் பெட்டியோடு வந்தார். பெட்டியில் நாலு ஓட்டை, உள்ளே இரண்டு விடைக்கோழி. பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாராம். கலாவுக்கு என்றார். எனக்கு இல்லை என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

ஆகப் பத்து. பன்னிரண்டு இல்லை. ஒன்றைவிடப் பத்து பரவாயில்லை.

இருபதாம் நாள் வாக்கில் கலா, "இன்னிக்கும் கோழியா? ஒரு நாள் மீன் குடுத்தா என்னலா அம்மா?" என்றாள்.

சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள். முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது. நாற்பத்தோராம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

கருப்பியின் பன்னிரண்டு முட்டையில் பத்து பொரித்தது. ஒரு குஞ்சைக் காக்காய் கொண்டுபோனது. அதை நானே கண்ணால் பார்த்தேன். சந்தேகம் இல்லை.

டயரை எடுத்துவிட்டேன். இப்போது முட்டைக்கு நாலு கால் வைத்த பெட்டி. அடியில் குனிந்து பார்க்கலாம். எண்ணுவதையும் மாற்றிவிட்டேன். பேர் உள்ளதை மட்டும் எண்ணுவதில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே என்ன இருக்கிறதோ அதை எல்லாம் எண்ணுகிறேன். பெட்டிக்கு அடியில், சாக்குக்கு அடியில், மூலையில்.

நேற்று சாயங்காலமும் அவர் நாற்காலியில் இருந்து கேட்டார்.

"கங்காணி, பெரட்டு எத்தனை?"

சேவல். புள்ளி. கருப்பி. குஞ்சு ஒன்பது. மங்குக்குப் பின்னால் ஒரு தேரை.

பதின்மூன்று.